இரு முனைகளின் சாட்சியம்

மூடிய பெட்டி ஒன்று நம் முன்னே வைக்கப்பட்டிருப்பதாகக் கொள்வோம். அதனுள்ளே மின்கலங்கள் எத்தனை, மின்தடைகள் எத்தனை, அவை எவ்வாறு ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன என்பன நமக்குத் தெரியா. பெட்டியைத் திறந்து பார்க்கவும் வழியில்லை. வெளியே நீண்டிருப்பவை இரண்டே கம்பி முனைகள். அவ்விரு முனைகளை மட்டும் கொண்டு அப்பெட்டியைப் பற்றி நாம் எவ்வளவு அறிதல் கூடும்? எதனை ஒருபோதும் அறிதல் கூடாது?

மின்பொறியியல் பயிலும் மாணவர் தம் கல்வியின் தொடக்கத்திலேயே சந்திக்கும் வினா இது. இதற்குரிய விடை 'தெவெனின் தேற்றம்' எனப் பெயர் பெறும். பல்லாண்டுகள் அதனைக் கரும்பலகையில் எழுதிக் கற்பித்தவர் நாம். பாடநூலோடு நின்றுவிடாமல், மாந்தர் ஒருவரை ஒருவர் எடைபோடும் முறைக்கும் அது ஓர் உரைகல்லாகும் என்பது நாளடைவில் நமக்குத் தெளிவாயிற்று. அதனையே ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம்.

தேற்றம் சொல்வது இதுதான். மின்கலங்களும் மின்தடைகளும் எவ்வளவு சிக்கலாக இணைக்கப்பட்டிருந்தாலும், வெளியே உள்ள இரு முனைகளிலிருந்து நோக்குங்கால், அந்தச் சுற்று முழுவதும் ஒரே ஒரு மின்னழுத்த மூலமும் அதனோடு தொடராக இணைந்த ஒரே ஒரு மின்தடையும் போலவே நடந்துகொள்ளும். உள்ளே நூறு உறுப்புகள் இருப்பினும் வெளியே இரண்டு எண்கள் போதும்.

எடுத்துக்காட்டு ஒன்று காண்போம். 12 வோல்ட்டு மின்கலம் ஒன்று. அதனோடு தொடராக 4 ஓம் தடை. அதனைத் தாண்டி, இரு முனைகளுக்கும் குறுக்கே 12 ஓம் தடை. முனைகளில் எதனையும் இணைக்காத நிலையில் அங்கே தோன்றும் மின்னழுத்தம் யாது? 12 வோல்ட்டு, மொத்தம் 16 ஓமில் பங்கிடப்படுகிறது. 12 ஓமின் பங்கு 9 வோல்ட்டு. இது முதல் எண். இரண்டாவது எண்ணைக் காண, மின்கலத்தை நீக்கிவிட்டு அதன் இடத்தில் வெறுங் கம்பியை வைத்ததாக எண்ணி, முனைகளிலிருந்து உள்நோக்கித் தடையைக் கணக்கிட வேண்டும். 4 ஓமும் 12 ஓமும் பக்க இணைப்பில் நின்று 3 ஓம் ஆகின்றன. ஆகவே இச்சுற்று, 9 வோல்ட்டு மூலமும் 3 ஓம் தடையும் சேர்ந்ததற்கு நிகர்.

சரிபார்ப்போம். முனைகளில் 6 ஓம் சுமையை இணைத்தால், நிகர்ச்சுற்றின்படி 9 வோல்ட்டை 9 ஓமால் வகுக்க 1 ஆம்பியர் வருகிறது. மூலச்சுற்றிலேயே கணக்கிட்டாலும், 12 ஓமும் 6 ஓமும் பக்கமாய் நின்று 4 ஓமாகி, முன்னுள்ள 4 ஓமோடு கூடி 8 ஓமாகி, மின்கலத்திலிருந்து 1.5 ஆம்பியர் புறப்பட்டு, அதில் 1 ஆம்பியரே சுமை வழிச் செல்கிறது. இரண்டும் ஒன்றே. சுமையை மாற்றுந்தோறும் மூலச்சுற்றைப் புதிதாய்க் கணக்கிட வேண்டியதில்லை. அவ்விரு எண்களே என்றும் துணை நிற்கும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அழுத்தமும் ஓட்டமும் நேர்விகிதத்தில் நடக்கும் உறுப்புகளுக்கே இது பொருந்தும். டையோடு போன்று விகிதம் பிறழ்ந்து நடப்பனவற்றை இந்தச் சட்டத்துக்குள் அப்படியே அடைத்தல் இயலாது.

இத்தேற்றத்துக்குப் பெயர் தந்தவர் லியோன் சார்ல் தெவெனின் என்னும் பிரெஞ்சுக்காரர். 1857 ஆம் ஆண்டு பாரிசுக்கு அண்மையில் உள்ள மோ என்னும் ஊரில் பிறந்தவர். 1878 இல் தந்திப் பொறியாளர் குழுவில் சேர்ந்து நெடுந்தூரத் தந்திக் கம்பிகளில் பணியாற்றியவர். பின்னர்த் தந்திப் பொறியாளர்க்குக் கற்பிக்கும் பொறுப்பை ஏற்றபோது, ஓமின் விதியையும் 1845 இல் கிர்க்காஃப் வகுத்த விதிகளையும் மாணவர்க்கு எளிதாக்கும் முயற்சியில் இவ்வுண்மையைக் கண்டு 1883 இல் வெளியிட்டார். கற்பிக்க முனைந்தவரின் கையில் பிறந்தது இத்தேற்றம் என்பது ஆசிரியத் தொழிலில் இருந்த நமக்கு எப்போதும் மகிழ்வூட்டும் செய்தி.

எனினும், அவருக்கு முப்பதாண்டுகள் முன்னரே, 1853 இல், ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதே உண்மையைக் கண்டு எழுதியிருந்தார். அவர் ஆராய்ந்தது தந்திக் கம்பியை அன்று. உயிரினங்களின் தசையிலும் நரம்பிலும் எழும் மின்சாரத்தை. தசையைப் பிளந்து ஒவ்வோர் இழையிலும் மின்கலம் எங்கே என்று தேட முடியுமா? மேற்பரப்பில் இரு இடங்களைத் தொட்டு அளக்க மட்டுமே முடியும். உட்புக முடியாத ஒன்றை வெளியிலிருந்து அளக்க நேர்ந்த இடத்திலேயே இத்தேற்றத்தின் முதல் விதை விழுந்தது. முன்னவர் எழுதியதைப் பின்னவர் அறியாமலே மீண்டும் கண்டறிந்தார். பெயர் பின்னவர்க்கு நிலைத்தது.

சிக்கலானதை அதற்கு நிகரான எளிய வடிவுக்குக் கொணரும் இக்கலை நம் சமுதாய வரலாற்றுக்குப் புதிதன்று. கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மி, தம் காலத்துக் கணக்குகளில் எழும் சமன்பாடுகள் பலவற்றையும் ஆறே வகைகளுக்குள் அடக்கி, ஒவ்வொன்றையும் தீர்க்கும் நெறியை வகுத்தார். அவருடைய நூற்பெயரில் உள்ள 'அல்ஜப்ர்' என்னும் சொல்லே இன்று உலகெங்கும் அத்துறைக்குப் பெயராயிருக்கிறது. மின்சுற்றையும் அவர் கண்டார் என்று வீண்பெருமை பேசுதல் நம் நோக்கமன்று. வடிவம் மாறினும் மதிப்பு மாறாமல் எளிமைப்படுத்துவது அறிவின் ஒழுக்கம் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர் என்று நினைவூட்டுவதே போதும்.

இனி, இத்தேற்றம் ஒரு மனிதரின் மானத்தைக் காத்த நிகழ்ச்சிக்கு வருவோம்.

2009 ஆம் ஆண்டு ரமலானுக்குச் சில வாரங்கள் முன்பு, நம் ஊர்ப் பள்ளிவாசலில் மின்கம்பிகள் யாவும் புதிதாக மாற்றப்பட்டன. வேலையைச் செய்தவர் உள்ளூர் இளைஞர் ஒருவர். குடும்பத்தில் சம்பாதிப்பவர் அவர் ஒருவரே. வேலை முடிந்த சில நாட்களிலேயே குறை தோன்றிற்று. ஹவுழுக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரை இயக்கினால் விளக்குகள் மங்கின, மின்விசிறிகள் தளர்ந்தன, மஃரிபு பாங்கின்போது ஒலிபெருக்கி முனகிற்று. 'மட்டமான கம்பியைப் போட்டுவிட்டு நல்ல கம்பிக்குக் கணக்கு எழுதிவிட்டார்' என்ற பேச்சு முதலில் திண்ணையில் எழுந்தது. பிறகு ஜமாஅத்துக் கூட்டத்துக்கும் வந்தது. அவருக்குத் தரவேண்டிய மீதிக் கூலி நிறுத்தி வைக்கப்பட்டது. கூலி நின்றதை விடவும் பேச்சே அவரை வாட்டிற்று. பள்ளிவாசல் காசில் கைவைத்தவர் என்ற பெயர் ஒருவர்மீது விழுந்தால், பிறகு எந்த வீட்டார் அவரைத் தம் வாசலுக்குள் விடுவார்?

அவர் நம்மிடம் வந்து, "வாத்தியார் காக்கா, சுவரை வேண்டுமானாலும் உடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பள்ளிக்குள் நின்று சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்கிறேன்" என்றார்.

குற்றம் சாட்டுபவர் சான்று கொணர வேண்டும், மறுப்பவர் மீது சத்தியம் விதிக்கப்படும் என்பது ஷரீஅத்தின் நீதிமுறை. சான்றைத் தேடாமலே ஒருவரைச் சத்தியத்தின் எல்லைக்குத் தள்ளுவது அந்த நீதிமுறையின் வரிசையைப் புரட்டுவதாகும் அல்லவா? முத்தவல்லி அவர்களிடம் இதனை எடுத்துரைத்து, "சுவரை உடைக்க வேண்டாம், சத்தியமும் வேண்டாம், ஒரு மணி நேரம் அளந்து பார்க்க அனுமதி தாருங்கள்" என்று வேண்டினோம். அவர் பெருந்தன்மையுடன் இசைந்தார்.

சுவருக்குள் ஓடும் கம்பி, மீட்டர், தெருக் கம்பத்திலிருந்து வரும் இணைப்பு, அதற்கப்பால் மின்மாற்றி ஆகிய யாவும் சேர்ந்ததே நம் மூடிய பெட்டி. உள்பள்ளியில் உள்ள மின்செருகியின் இரு துளைகளே அதன் இரு முனைகள். வீட்டு மின்சாரம் மாறுதிசை மின்சாரமாதலின், தடை என்பதற்குப் பதிலாக 'மின்மறிப்பு' என்று சொல்லுதல் முறை. ஆயினும் இத்தகைய சிறு இணைப்புகளில் தடையே பெரும்பங்கு வகிப்பதால், தடை என்றே கொண்டு மேற்செல்வோம்.

சுமை எதுவும் இல்லாத நிலையில் மின்செருகியில் 228 வோல்ட்டு காட்டிற்று. இந்த அளவு மட்டும் கொண்டு பார்த்தால் குறையே இல்லை. பின்னர், வாளித் தண்ணீரில் அமிழ்த்திச் சூடேற்றும் 2 கிலோவாட்டுக் கம்பிச்சுருளை அதே செருகியில் இணைத்தோம். ஓட்டம் 8 ஆம்பியர். அழுத்தம் 208 வோல்ட்டுக்கு இறங்கிற்று. குறைந்தது 20 வோல்ட்டு. அதனை 8 ஆம்பியரால் வகுத்தால் 2.5 ஓம். பெட்டியின் அகத்தடை அதுவே. பள்ளிவாசல் போன்றதோர் இடத்துக்கு இது மிகுதி. குறை உண்டு என்பது மெய்யாயிற்று. திண்ணைப் பேச்சில் அந்த அளவுக்கு உண்மை இருந்தது.

ஆனால், குறை எங்கே? தேற்றம் 'எவ்வளவு' என்று சொல்லுமே தவிர, 'எங்கே' என்று சொல்லாது. எங்கே என்று அறிய வேண்டுமாயின் முனைகளை இடம் மாற்றி வைக்க வேண்டும். ஆகவே, அதே சுமை ஓடிக்கொண்டிருக்கும்போதே, கட்டடத்துக்குள் மின்சாரம் நுழையும் முதன்மைச் சுவிட்சில் அளந்தோம். அங்கும் 211 வோல்ட்டே இருந்தது. அதாவது, 20 வோல்ட்டுக் குறைவில் 17 வோல்ட்டு, மின்சாரம் பள்ளிவாசலின் வாயிலைத் தொடுமுன்பே இழக்கப்பட்டுவிட்டது. ஏறத்தாழ 2.1 ஓம் வெளியே. அவ்விளைஞர் போட்ட கம்பிக்கு உரியது ஏறத்தாழ 0.4 ஓம். அக்கம்பியின் நீளத்துக்கும் பருமனுக்கும் நியாயமாக வரவேண்டிய அளவே அது.

முறைப்படி தெரிவித்தபின், உரிய பணியாளர் வந்து கம்பத்தில் ஏறிப் பார்த்தார். அங்கே இணைப்பொன்று தளர்ந்து, களிம்பேறிக் கருகியிருந்தது. அதனைச் செப்பனிட்ட பிறகு, அதே செருகியில் அதே சுமைக்கு 220 வோல்ட்டு நின்றது, அகத்தடை 0.9 ஓமாகக் குறைந்தது. முன்பு 8 ஆம்பியர் ஓடியபோது அந்த 2.1 ஓமில் ஏறத்தாழ 134 வாட்டு வீணே வெப்பமாகிக்கொண்டிருந்தது. அதில் பெரும்பகுதி ஓரங்குல இணைப்பில் எரிந்தால் என்ன நேரும் என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம். விளக்கு மங்குவதை வெறும் தொல்லை என்று விட்டுவிடாமல், உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு சோதிப்பது ஒவ்வொரு குடும்பத்தாரும் செய்ய வேண்டுவது. மின்செருகியில் தாமே அளக்க முனைதல் கூடாது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின், முத்தவல்லி அவர்கள் எல்லோர் முன்னிலையிலும் கணக்கை விளக்கி, மீதிக் கூலியை அவ்விளைஞரின் கையில் கொடுத்தார். ஐயம் பலரறியப் பேசப்பட்டதாதலின், அதன் நீக்கமும் பலரறியவே நிகழ்தல் வேண்டும் என்று அவர் கருதினார். அது நம் உள்ளத்தில் இன்றும் நிற்கிறது.

இந்த அளவையிலிருந்து நாம் பெறும் படிப்பினை யாது? சுமையற்ற நிலையில் எந்த மின்கலமும் நல்ல மின்கலமாகவே தோன்றும். கார்களில் உள்ள 12 வோல்ட்டு மின்கலத்தை எடுத்துக்கொள்வோம். புதியதும் பழையதும் சும்மா இருக்கையில் அநேகமாக ஒரே அழுத்தத்தையே காட்டக்கூடும். ஆனால், எஞ்சினை இயக்க 100 ஆம்பியர் கேட்டுப் பாருங்கள். 0.01 ஓம் அகத்தடையுள்ள மின்கலம் 1 வோல்ட்டு மட்டும் தாழும், 0.05 ஓம் உள்ள மின்கலம் 5 வோல்ட்டு சரிந்து செயலற்றுப் போகும். கேட்கும்போதுதான் தன்மை தெரிகிறது.

ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களைப் பற்றி வழங்கும் செய்தி ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. ஒருவரின் நன்னடத்தைக்கு மற்றொருவர் உறுதி கூற முன்வந்தபோது, உமர் (ரலி) அவர்கள் அவரைச் சும்மா ஏற்றுக்கொள்ளவில்லை. இவருக்கு நீர் அண்டை வீட்டாரா, இவரோடு பயணம் செய்ததுண்டா, பணங்காசில் கொடுக்கல் வாங்கல் வைத்ததுண்டா என்று ஒவ்வொன்றாக வினவினார்கள். எதுவும் இல்லை என்று தெரிந்ததும், இவரைப் பள்ளிவாசலில் தொழக் கண்டதோடு உமது அறிவு நின்றுவிட்டது போலும், நீர் இவரை அறியமாட்டீர் என்று கூறிவிட்டார்கள் என்பர். பயணமும் பணமும் அண்டை வாழ்வும் மனிதர்மேல் ஏற்றப்படும் சுமைகள். சுமையேற்றாமல் அளந்த அளவு அளவாகாது. பெண் கொடுக்கவும் கூட்டுத் தொழில் தொடங்கவும் ஆள் விசாரிக்கும் நம் குடும்பங்கள் இதனை எத்தனை முறை மறந்துவிடுகின்றன!

இத்துடன் நின்றால் பாதியே சொன்னவராவோம். தேற்றத்துக்கு ஓர் எல்லை உண்டு. பாடநூல்களில் ஓரிரு வரியோடு கடந்து செல்லப்படும் அந்த எல்லையிலேயே அதன் ஆழம் இருக்கிறது என்பது நம் கருத்து.

முன்னர்க் கூறிய 12 வோல்ட்டுச் சுற்றுக்குத் திரும்புவோம். வெளியே எந்தச் சுமையும் இல்லை. நிகர்ச்சுற்றான 9 வோல்ட்டு, 3 ஓமில் அப்போது ஓட்டமே இல்லை. ஆகவே அதில் எரியும் ஆற்றல் சுழியம். ஆனால் மெய்யான சுற்றிலோ, மின்கலத்திலிருந்து 0.75 ஆம்பியர் இடைவிடாது 16 ஓம் வழியே ஓடிக்கொண்டிருக்கிறது. 9 வாட்டு வெப்பம் ஓயாமல் எரிந்துகொண்டிருக்கிறது. வெளியிலிருந்து நோக்குவோர்க்கு இரண்டும் ஒன்றே. எந்த மானியைக் கொண்டு அவ்விரு முனைகளில் அளந்தாலும் அழுத்தத்திலும் ஓட்டத்திலும் வேறுபாடு காண இயலாது. உள்ளேயோ, ஒன்று அமைதியாய்க் கிடக்கிறது, மற்றொன்று தகிக்கிறது. நிகர் என்பது வெளிநடத்தைக்கு மட்டுமே நிகர்.

இத்துறையோடு தொடர்புடைய ஒருவரின் வாழ்வே இதற்குச் சான்றாக அமைந்தது. ஒரு மின்னோட்ட மூலமும் அதற்குப் பக்கமாய் ஒரு தடையும் கொண்ட மற்றொரு நிகர்ச்சுற்றை 1926 இல் இருவர் தனித்தனியே கண்டனர். ஒருவர் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்து நார்ட்டன். மற்றவர் ஜெர்மனியின் சீமன்ஸ் நிறுவனத்து ஹான்ஸ் ஃபெர்டினாண்டு மேயர். தெவெனின் மறைந்ததும் அதே ஆண்டில்தான். மேயர், நாஜிகளின் ஆட்சியில் பெரும் நிறுவனத்தின் ஆய்வுப் பொறுப்பில் இருந்தவர். புறத்தே பார்ப்போர்க்கு அந்த ஆட்சியின் கீழ் அடங்கிப் பணிபுரியும் உயர் அலுவலர். அவரே 1939 நவம்பரில் ஆஸ்லோ நகருக்குச் சென்றிருந்தபோது, ஜெர்மனியின் இரகசிய ஆயுத முயற்சிகளை விவரித்துப் பெயரிடாத மடல் எழுதி, அங்கிருந்த பிரித்தானியத் தூதரகத்துக்குச் சேர்ப்பித்தார். 1943 இல் வேறு காரணத்துக்காக அவர் கைதுசெய்யப்பட்டுப் போர் முடியும்வரை வதைமுகாம்களில் அடைபட்டிருந்தார். அம்மடலை எழுதியவர் அவரே என்பதை நாஜிகள் இறுதிவரை அறியவில்லை. 1980 இல் அவர் மறைந்த பின்னரே அது உலகறிய வெளியாயிற்று. நிகர்ச்சுற்றை வகுத்த அம்மனிதரின் உள்ளே எரிந்துகொண்டிருந்ததை வெளிமுனைகளில் எவர் அளந்திருக்க முடியும்?

போர்க்களத்தில் கலிமா மொழிந்த ஒருவரை, உயிருக்கு அஞ்சிச் சொன்னார் எனக் கருதி உசாமா (ரலி) அவர்கள் வெட்டிவிட்டபோது, பெருமானார் (ஸல்) அவர்கள் மிகவும் வருந்தி, அவருடைய நெஞ்சைப் பிளந்து பார்த்தீரா என்னும் கருத்தில் வினவினார்கள் என்பது ஹதீஸ் நூல்களில் காணப்படும் செய்தி. வெளிப்படையானதைக் கொண்டு தீர்ப்புரைப்பது மனிதரின் கடமை. உள்ளத்தைக் கணக்கெடுப்பது அல்லாஹ் ஒருவனுக்கே உரியது என்ற நெறியை நம் சட்ட மேதைகள் இத்தகைய செய்திகளிலிருந்தே எடுத்து வைத்தனர்.

ஆகவே, இரு முனைகளும் சொல்லும் சாட்சியத்தை மதிப்போம். அளக்காமல் ஒருவர்மேல் ஐயுறுவதை விடுவோம். அளந்தபின்னும், அளவு எட்டாத இடத்தைப் பற்றித் தீர்ப்புரைக்காமல் நிற்போம். அந்த இளைஞரின் கம்பி நல்லது என்று நம் மானி சொல்லிற்று. அந்த வாரங்களில் அவர் நெஞ்சில் எத்தனை வாட்டு எரிந்தது என்பதை அது சொல்லவில்லை.

தெவெனின் திருமணம் செய்துகொள்ளாமல், தம் தாய்வழி உறவினரான கைம்பெண் ஒருவரையும் அவருடைய குழந்தைகள் இருவரையும் தம் இல்லத்தில் வைத்துப் பேணியவர் என்றும், தம் இறுதிப் பயணத்தில் குடும்பத்தார் மட்டுமே உடன்வரவும் தம் தோட்டத்து ரோசா மலர் ஒன்று மட்டுமே பேழைமேல் வைக்கப்படவும் விரும்பியவர் என்றும் அவரை அறிந்தோர் எழுதியுள்ளனர். பாடநூலில் அவர் ஒரு மின்னழுத்தமும் ஒரு தடையும் ஆகச் சுருங்கிவிட்டார். ஒவ்வொரு மனிதரும் பிறர் கண்ணில் அவ்வாறே சுருங்குகின்றார்.

சுருங்கியதைக் கொண்டு வாழ்க்கையை நடத்தவும், சுருங்காததன் முன் நாவடக்கி நிற்கவும், உள்ளங்களை அறிந்த வல்ல அல்லாஹ் நம் அனைவர்க்கும் அருள்புரிவானாக! ஆமீன்.